கண்டற் சேற்றின் நீர்ப்பூஞ்சணங்களும் நாற்றுமேடை அழுகலும்

காலபோக மழை தொடங்கும் நாட்களில் மிளகாய், தக்காளி, கத்தரி ஆகியவற்றின் நாற்றுமேடைகளில் நேரும் ஒரு கேட்டைக் கமக்காரர் பலரும் அறிவர். மாலையிற் செழிப்பாக நின்ற நாற்றுக்கள் மறுநாட் காலையில் மண்மட்டத்தில் நீர்கோத்து, தண்டு நூல்போல் மெலிந்து, கூட்டங் கூட்டமாகச் சாய்ந்து கிடக்கும். இரண்டொரு நாட்களில் மேடையின் பாதி வெறுமையாகிவிடும். விதைக்குச் செலவிட்ட பணம் வீணாவதோடு, மறுமுறை நாற்றிடுவதற்குட் பருவமும் தப்பிவிடுகின்றது. இக்கேட்டுக்குப் பெரும்பாலும் காரணமாவன நீர்ப்பூஞ்சணங்கள் என வழங்கும் நுண்ணுயிர்களாகும்.

இந்நீர்ப்பூஞ்சணங்களின் நெருங்கிய உறவினங்கள் கடலோரக் கண்டற்காடுகளின் உவர்ச்சேற்றிலும் வாழ்கின்றன. கடந்த ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் பல நாடுகளிலுள்ள கண்டற்காடுகளிலிருந்து புதிய இனங்கள் கண்டெடுக்கப்பட்டுப் பெயரிடப்பட்டு வருகின்றன. உப்புச் சேற்றில் அழுகும் இலையை ஆராய்வதனால் நெல்லும் காய்கறியும் பயிரிடுவோர்க்கு யாது பயன் என்னும் வினா எழுதல் இயல்பே. நோய்க்குக் காரணமான உயிர் இன்னதென்று திட்டமாக அறிந்தாலன்றி அதற்கேற்ற மருந்தையும் மாற்று வழியையும் தெரிவுசெய்ய இயலாது. அவ்வாறு அறியும் முறைகளை வளர்த்த இடங்களுள் கண்டற் சேறும் ஒன்று.

நீர்ப்பூஞ்சணம் என்றால் என்ன?

நீர்ப்பூஞ்சணம் வெண்ணிற நூலிழைகளாக வளர்வது, அழுகிய பொருளை உண்பது, வித்திகளாற் பெருகுவது. இவ்வொற்றுமைகளைக் கண்ட முற்கால அறிஞர் அதனைப் பங்கசு வகுப்பிற் சேர்த்தனர். ஆயினும் நுணுகி ஆராய்ந்தபோது அது பங்கசுக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று எனத் தெளிவாயிற்று. உண்மைப் பங்கசின் கலச்சுவரிற் கைற்றின் என்னும் பொருள் முதன்மையாக உள்ளது. நீர்ப்பூஞ்சணத்தின் கலச்சுவரோ செலுலோசையும் அதனையொத்த பொருள்களையும் கொண்டது. உறவுமுறையை நோக்கினால், நீர்ப்பூஞ்சணங்கள் கடலில் வளரும் கபில அல்காக்களுக்கும் தயற்றங்களுக்கும் அண்மையானவை. காளானுக்கோ மிகச் சேய்மையானவை.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பங்கசை அழிக்கும் மருந்து நீர்ப்பூஞ்சணத்தை அழிக்காமற் போவதற்கு இதுவே அடிப்படைக் காரணமாகும். இதனைப் பின்னர் விரிவாகக் கூறுவோம்.

நீரில் நீந்தும் வித்திகள்

நீர்ப்பூஞ்சணம் என்னும் பெயர் அதன் பெருக்கமுறையால் வந்தது. நூலிழைகளின் நுனியிற் சிறு பைபோன்ற வித்திக்கலன்கள் தோன்றும். மண்ணிலோ இலையிலோ நீர் தேங்கி நிற்கும்போது ஒவ்வொரு கலனிலிருந்தும் இயங்குவித்திகள் பல வெளிப்படும். ஓர் இயங்குவித்தியின் பருமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்காகும். அதற்கு இரண்டு சவுக்குமுளைகள் உண்டு. ஒன்று நுண்மயிர்கள் நிறைந்தது, மற்றையது வழவழப்பானது. இவற்றை வீசி அது நீந்துகின்றது.

பயிரின் வேர் மண்ணிற் கசியவிடும் வெல்லங்களையும் அமினோவமிலங்களையும் உணர்ந்து இயங்குவித்தி அத்திசை நோக்கிச் செல்லும். வேரை அடைந்ததும் சவுக்குமுளைகளை இழந்து, உருண்டு, சுவரொன்றைத் தன்னைச் சுற்றி அமைத்துக்கொண்டு முளைவிடும். முளை வேரினுட் புகும். இவையனைத்தும் சில மணித்தியாலங்களில் முடிந்துவிடலாம்.

தன் முயற்சியால் இயங்குவித்தி செல்லக்கூடிய தூரம் மிகச் சிறிது. ஆயினும் ஓடும் நீர் அதனை வெகுதூரம் கொண்டுசெல்லும். ஒரு பாத்தியில் தோன்றிய நோய் வாய்க்கால் வழியே அடுத்தடுத்த பாத்திகளுக்கு ஒழுங்காகப் பரவுவதன் காரணம் இதுவே.

ஈரம் வற்றிய காலத்திலும் இவ்வுயிர் அழிவதில்லை. தடித்த சுவருடைய முட்டைவித்திகளை உண்டாக்கி மண்ணிலும் சருகிலும் தங்கியிருக்கும். பல மாதங்கள், சில இனங்களில் ஆண்டுக்கணக்கில், உறங்கிக் கிடந்து மீண்டும் மழை கண்டதும் முளைக்கும்.

கண்டற்காட்டில் இவற்றின் தொழில்

கண்டல், கண்ணா முதலிய மரங்கள் ஆண்டு முழுவதும் பழுத்த இலைகளை உதிர்க்கின்றன. நீரில் விழுந்த இலை கடினமானது. கைப்புச் சுவையுள்ள தனின் மிகுந்தது. ஆதலின் மீனும் இறாலும் அதனை எளிதில் உண்பதில்லை. இவ்விலையை முதலில் வந்தடையும் உயிர்களுள் நீர்ப்பூஞ்சணங்கள் சிறப்பிடம் பெறுகின்றன. இலை நீரில் விழுந்த ஓரிரு நாட்களுள் அவற்றின் இழைகள் இலைத்திசுவினுட் படர்ந்துவிடுகின்றன. பின்னர் பற்றீரியாக்களும் ஏனைய நுண்ணுயிர்களும் சேர்ந்து இலையை மென்மையாக்குகின்றன. அவ்வாறு மென்மையான துணுக்குகளே நண்டுக்கும் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் உணவாகின்றன.

களப்பில் வலை வீசுவோரின் பிழைப்பு ஒரு பங்குக்கு இவ்வழுகலிற் றங்கியுள்ளது எனலாம். கூட்டெருக் குவியலில் இலைகுழை மக்குவதைக் கண்டவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. அங்கும் இங்கும் நுண்ணுயிரின் தொழில் ஒன்றே.

கண்டற்காட்டு நீர்ப்பூஞ்சணங்கள் பெரும்பாலும் உதிர்ந்த இலையை உண்பவை. ஆயினும் எல்லாம் அத்தகையனவல்ல. அவுத்திரேலியாவின் குயின்சுலாந்து மாகாணக் கரையோரத்திற் கண்ணா மரங்கள் கூட்டமாகப் பட்டுப்போயின. அவ்விடத்தில் பைற்றொப்தோரா வகையைச் சேர்ந்த நீர்ப்பூஞ்சணம் ஒன்று காணப்பட்டதென 1980ஆம் ஆண்டில் நோயியலறிஞர் அறிவித்தனர். ஒரே சேற்றிற் பயன்தரும் இனமும் கேடுசெய்யும் இனமும் அருகருகே வாழக்கூடுமாதலால், இவற்றைப் பிரித்தறிதல் இன்றியமையாததாகின்றது.

புதிய இனம் கண்டறியப்படும் முறை

ஆராய்வோர் முதலில் வற்று நேரத்தில் கண்டற்காட்டுக்குச் சென்று, நீரில் அமிழ்ந்து மஞ்சள் அல்லது கபில நிறமடைந்த இலைகளைச் சேர்ப்பர். இலைகளை நன்கு கழுவிச் சிறு வில்லைகளாக வெட்டுவர். காய்கறிச் சாறும் கடல்நீரும் கலந்து அகாரினால் இறுகச் செய்த உணவூடகத்தைப் பெத்திரிக்கிண்ணங்களில் ஊற்றி, அவ்வில்லைகளை அதன்மேல் இடுவர். பற்றீரியாவையும் உண்மைப் பங்கசையும் தடுக்கும் மருந்துகள் அவ்வூடகத்திற் சேர்க்கப்பட்டிருக்கும். எனவே நீர்ப்பூஞ்சணம் தடையின்றி வளரும். வேறொரு முறையும் உண்டு. சேற்று நீரில் புதிய இலைத்துண்டுகளை மிதக்கவிட்டால் இயங்குவித்திகள் அவற்றை நாடி வந்து பற்றிக்கொள்ளும். தூண்டிலில் இரையிட்டு மீன் பிடிப்பது போன்ற முறை இது.

இவ்வாறு பெற்ற வளர்ப்பைத் தனிமைப்படுத்திய பின், பின்வருவன குறித்துக்கொள்ளப்படும்:

வித்திக்கலனின் வடிவம், நீளம், அகலம்; அது வழவழப்பானதா, முட்கள் கொண்டதா;

இயங்குவித்திகள் கலனுக்குள்ளேயே உருவாகி வெளிவருகின்றனவா, அல்லது கலனின் வாயில் ஒரு மெல்லிய குமிழ் தோன்றி அதனுள் உருவாகின்றனவா;

முட்டைவித்தி உண்டாகின்றதா, அதன் சுவர் எத்தகையது;

நன்னீரிலும் கடல்நீரிலும் வெவ்வேறு வெப்பநிலைகளிலும் வளர்ச்சி எவ்வளவு.

இவற்றுள் இரண்டாவது குறி மிகவும் பயனுடையது. இயங்குவித்திகள் கலனுக்குள் உருவாதல் பைற்றொப்தோராவின் இயல்பு. வெளிக்குமிழில் உருவாதல் பிதியத்தின் இயல்பு. நாற்றழுகலை உண்டாக்குபவற்றுள் முதன்மையானது பிதியம் ஆகும்.

உருவத்தை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் இக்காலத்திற் போதாது. இரண்டு இனங்கள் ஒரேவகை உருவுடையனவாய் இருக்கலாம். ஆதலின் டீ.என்.ஏ. என்னும் பரம்பரைப் பொருளில் சில பகுதிகளின் ஒழுங்கும் வாசிக்கப்பட்டு, அறிந்த இனங்களுடன் ஒப்பிடப்படுகின்றது. எதனுடனும் ஒவ்வாவிடின் அது புதிய இனமெனக் கொள்ளப்படும்.

பெயரிடுதற்கும் சட்டம் உண்டு. தாவரங்கள், பங்கசுக்கள், அல்காக்கள் ஆகியவற்றுக்கான அனைத்துலகப் பெயரீட்டுக் கோவையே நீர்ப்பூஞ்சணங்களுக்கும் செல்லும். முன்னர் விபரிப்பு இலத்தீன் மொழியில் இருத்தல் கட்டாயமாயிருந்தது. 2012ஆம் ஆண்டு சனவரி முதல் ஆங்கிலமும் ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. 2013 முதல் புதிய பெயரைப் பதிவேட்டிற் பதிதலும் வேண்டும். அன்றியும், அவ்வினத்தின் மூலமாதிரி ஒன்று காப்பகத்திற் பாதுகாக்கப்படல் வேண்டும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அம்மாதிரியை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே இவ்வேற்பாடு.

பெயர்கள் மாறிய வரலாறு

1969ஆம் ஆண்டில் கனடாவின் மேற்குக் கரையோரத்தில், கடல்நீரில் அழுகிய இலைகளிலிருந்து ஓர் இனம் பெறப்பட்டுப் பைற்றொப்தோரா வெசிக்குலா எனப் பெயரிடப்பட்டது. 1975இல் பெல், மாசுற்றர் என்னும் ஆய்வாளர் தென் புளோரிடாப் பகுதியில் செங்கண்டல் இலைகளை ஆராய்ந்து, பைற்றொப்தோராவின் புதிய இனங்கள் பலவற்றையும் பிதியத்தின் புதிய இனம் ஒன்றையும் விபரித்தனர். அவற்றுள் ஒன்றன் வித்திக்கலன் முட்கள் நிறைந்தது.

இக்கடல்வாழ் இனங்கள் பயிர்களை அழிக்கும் பைற்றொப்தோராவிலிருந்து வேறுபடுவன என்று கண்டு, 1990இல் கோ, யொங் என்னும் இருவர் ஹலோபைற்றொப்தோரா என்ற தனிச் சாதியை நிறுவினர். உப்பில் வாழும் பைற்றொப்தோரா என்பது இதன் கருத்து. மறு ஆண்டில் தாய்வானிற் கண்டெலியா மரத்தின் உதிர்ந்த இலையிலிருந்து அச்சாதியின் புதிய இனமொன்று விபரிக்கப்பட்டு, அம்மரத்தின் பெயராலேயே வழங்கப்பட்டது. கண்டெலியா என்னும் மரப்பெயர் மலையாளக் கரையில் வழங்கிய ‘கண்டல்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நம் மொழிக்கும் உரிய சொல்லொன்று இவ்வாறு தொலைநாட்டு நுண்ணுயிரின் பெயரிலும் இடம்பெற்றுள்ளது.

டீ.என்.ஏ. ஆராய்ச்சி பரவிய பின், ஹலோபைற்றொப்தோராவில் அடங்கிய எல்லாம் ஒரே கிளையைச் சேர்ந்தனவல்ல எனத் தெரியவந்தது. 2010இல் சலிசப்பிலியா என்ற சாதியும், 2016இல் முள்வித்திக்கலன் கொண்டவற்றுக்குச் சலிசிப்பைனா என்ற சாதியும் பிரிக்கப்பட்டன. 2010இலேயே பிதியத்திலிருந்து பைற்றோபிதியம் என்ற சாதியும் பிரிந்தது. 2017இல் பிலிப்பைன்சு நாட்டுக் கண்டற்காடுகளின் உதிரிலைகளிலிருந்து இச்சாதியின் இரு புதிய இனங்கள் விபரிக்கப்பட்டன. தோட்டப் பயிர்களின் வேரழுகலை உண்டாக்கும் இனங்களும் பைற்றோபிதியத்தில் உள்ளன. காட்டுச் சேற்றின் உயிரும் தோட்டத்து நோயுயிரும் ஒரே சாதியின் உடன்பிறப்புக்களாதலை இங்கே காண்கின்றோம்.

பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும்

1845ஆம் ஆண்டில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் கருகி அழுகியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். இலையிற் காணப்பட்ட பூஞ்சணம் அழுகலின் விளைவே என்று பலர் அக்காலத்தில் எண்ணினர். பூஞ்சணமே நோயின் காரணம் என 1846இல் பார்க்கிலி என்னும் ஆங்கில அறிஞர் எழுதினார். அவ்வுயிருக்கு 1876இல் தெபாரி என்னும் சேர்மானிய அறிஞர் பைற்றொப்தோரா இன்பெஸ்ரன்ஸ் எனப் பெயரிட்டார். பைற்றொப்தோரா என்றால் ‘பயிரழிப்பான்’ என்பது பொருள். நுவரெலியா, பதுளைப் பகுதிகளில் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் தாக்கும் வெளிறல் நோய் இவ்வினத்தாலேயே வருகின்றது.

காரணம் அறியாது திகைத்த அக்காலத்து நிலை வேறு; மருந்து பல கிடைக்கும் இக்காலத்து நிலை வேறு. இன்று நேரும் பிழை, பொருந்தாத மருந்தை வாங்குதலாகும். பென்சிமிடசோல் வகைப் பங்கசுநாசினிகள் உண்மைப் பங்கசின் கலப்பிரிவைத் தடுப்பவை. நீர்ப்பூஞ்சணத்தின்மேல் அவை செயற்படுவதில்லை. அசோல் வகை மருந்துகள் பங்கசு தனக்கு வேண்டிய எர்கொசுத்தெரோல் என்னும் பொருளை ஆக்கவிடாது தடுப்பவை. பிதியமும் பைற்றொப்தோராவும் அப்பொருளை ஆக்குவதேயில்லை. ஆதலால் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. நாற்றழுகலுக்கு இவற்றைத் தெளித்தவர் பணத்தை இழப்பதோடு, நீர்ப்பூஞ்சணத்துக்குப் போட்டியாக மண்ணில் வாழும் நல்ல பங்கசுக்களையும் அழித்து, சிலவேளை நோய் மிகுதற்கும் இடமளிக்கின்றனர்.

இதற்கு மறுதலையும் உண்டு. 1970களின் பிற்பகுதியில் வழக்குக்கு வந்த மெற்றலக்சில் என்ற மருந்து நீர்ப்பூஞ்சணத்துக்கு மட்டுமே ஏற்றது. நாற்றழுகல் இறைசொக்ரோனியா என்ற உண்மைப் பங்கசினால் வந்திருப்பின் அது பயன்படாது. மேலும், ஒரே மருந்தை இடைவிடாது தெளித்ததனால் 1980இலேயே ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு வெளிறல் நோய்க்கிருமி மெற்றலக்சிலை எதிர்க்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டது. ஆதலின் எந்த மருந்தையும் மாறிமாறிப் பயன்படுத்துதல் வேண்டும்.

வயலிலும் தோட்டத்திலும் செய்யவேண்டியவை

நீர்ப்பூஞ்சணத்தின் வலிமை தேங்கிய நீரிலேயே உள்ளது. எனவே நீரை ஆளுதலே முதல் மருந்தாகும்.

1. நாற்றுமேடையை 15 சதமமீற்றராயினும் உயர்த்தி அமைக்க. நீர் வடியாத பள்ளத்திலும், சென்ற பருவத்தில் நாற்றழுகிய இடத்திலும் மேடை போடாதிருக்க.

2. விதையிடுமுன் மேடையின்மேல் வைக்கோலையும் உமியையும் அடுக்கடுக்காகப் பரப்பி எரிக்க. அன்றேல், வெயில் மிகுந்த காலத்தில் மேடையை நனைத்து, ஒளிபுகும் பொலித்தீன் தாளால் நான்கு முதல் ஆறு கிழமைவரை காற்றுப் புகாது மூடி வைக்க. சூரிய வெப்பத்தால் மேன்மண்ணிலுள்ள முட்டைவித்திகள் பெரும்பாலும் மடியும்.

3. விதையை நெருக்கமாகத் தூவாது வரிசையாக இடுக. நாற்றுக்களிடையே காற்று உலாவுதல் வேண்டும். காலையில் நீர் ஊற்றுக. மாலையில் ஊற்றின் இரவு முழுவதும் ஈரம் நிற்கும். மக்காத எருவைத் தவிர்க்க.

4. நோய்கண்ட பாத்தியிலிருந்து வடியும் நீரை மற்றப் பாத்திகளுக்குப் பாய்ச்சாதிருக்க. இறைப்பின்போது நோயற்ற பாத்திகளுக்கு முதலிலும், நோய்கண்டதற்கு இறுதியிலும் நீர் விடுக. மண்வெட்டியையும் காலையும் கழுவியபின் அடுத்த தோட்டத்துக்குச் செல்க.

5. மிளகாயில் அடியழுகல் கண்ட நிலத்தில் தொடர்ந்து தக்காளி, கத்தரி, பூசணி இனங்களை நடாதிருக்க. இவையும் அதே பைற்றொப்தோராவுக்கு இரையாவன. வெங்காயம், குரக்கன், சோளம் முதலியவற்றை மாற்றிப் பயிரிடுக.

6. முளைநெல் விதைப்போர் விதைத்தபின் வயலில் நீர் தேங்கவிடாது வடிகால் அமைக்க. தேங்கிய நீரிற் கிடக்கும் விதைநெல்லைச் சுற்றிப் பஞ்சுபோன்ற வெண்ணிழைகள் வட்டமாகத் தோன்றின், அது அக்கிலியா, பிதியம் முதலிய நீர்ப்பூஞ்சணங்களின் வேலை என்று அறிக. உடனே நீரை வடித்து, முளை வேரூன்றும்வரை சேற்றை ஈரமாக மட்டும் வைத்திருக்க. உடைந்த நெல்லும் பதரும் முதலில் தாக்கப்படுவதால் நன்கு தூற்றித் தெரிந்த விதையையே ஊறவைக்க.

7. வளர்ந்த பயிரிற் காப்பாகத் தெளிப்பதற்குப் போடோக் கலவை இன்றும் பயனுடையது. 1885ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் ஒரு நீர்ப்பூஞ்சண நோய்க்கு எதிராகவே இது முதலில் ஆராய்ந்து நிறுவப்பட்டது. ஒரு கிலோகிராம் மயிற்றுத்தத்தையும் ஒரு கிலோகிராம் நீறாத சுண்ணாம்பையும் மரம் அல்லது பிளாத்திக்குப் பாத்திரங்களில் வெவ்வேறாகக் கரைத்து, இரண்டையும் கலந்து நூறு இலீற்றராக்குக. துலக்கிய இரும்புக் கத்தியொன்றைக் கலவையில் தோய்த்துப் பார்க்க. கத்தியில் செம்பு படிந்தால் மேலும் சுண்ணாம்புநீர் சேர்க்க. அன்றைய கலவையை அன்றே தெளித்து முடிக்க. நோய் வருமுன் இலையிற் படிந்திருந்தாலே இது பயன்தரும். உட்புகுந்த இழையை இது கொல்லாது. இளநாற்றுக்களைக் கருக்கக்கூடுமாதலால் நாற்றுமேடைக்கு ஆலோசனையின்றித் தெளிக்கலாகாது.

நோயுற்ற மாதிரியை அனுப்பும் முறை

மருந்து வாங்குமுன் நோயின் காரணத்தைக் கேட்டறிதல் நன்று. முற்றாக அழுகிய செடியில் பின்வந்த நுண்ணுயிர்கள் நிறைந்திருக்குமாதலால் அது ஆராய்ச்சிக்கு உதவாது. நோய் தொடங்கிய நிலையிலுள்ள சில செடிகளை வேரும் மண்ணும் சிதையாது தோண்டி எடுத்து, பொலித்தீன் பையிலிட்டு, வெயில் படாது வைத்து, அன்றோ மறுநாளோ விவசாயப் போதனாசிரியரிடம் சேர்க்க. பயிரின் பெயர், நட்ட நாள், முதலில் நோய்கண்ட நாள், இறுதியாகப் பெய்த மழை அல்லது பாய்ச்சிய நீர், முன்னர் தெளித்த மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வைக்க. தண்டை நீரோடு சேர்த்துச் சேற்றுப் பையில் அடைத்தல் தவறாகும்.

கண்டற் சேற்றில் புதிய இனமொன்றைப் பிரித்தறிய வகுத்த முறையும், தோட்டத்து நாற்றினை அழித்தது பிதியமா இறைசொக்ரோனியாவா எனக் காணும் முறையும் ஏறத்தாழ ஒன்றே. ஆதலின் அவ்வாராய்ச்சி நமக்குத் தொலைவானதன்று. கரையோரத்தில் வயலுடையோர் கண்டற்காட்டை நோயின் உறைவிடமென்றெண்ணி வெட்டுதலும் வேண்டியதில்லை. அங்கு வாழும் நீர்ப்பூஞ்சணங்களிற் பெரும்பாலன தம் இலையழுக்கும் தொழிலைச் செய்து களப்பை வளப்படுத்துவன. நாற்றுமேடைக்குக் கேடு வருவது பெரும்பாலும் அம்மேடையின் மண்ணிலும் அதன்மேல் தேங்கிய நீரிலுமிருந்தே. மேடையை உயர்த்தி, நீரை வடித்து, காரணத்தை அறிந்து, அதன் பின்னரே மருந்துக்குச் செலவிடும் கமக்காரர் விதையையும் பருவத்தையும் காத்துக்கொள்வர்.

மேலதிக விபரங்களையும், இப்பொழுது விதந்துரைக்கப்படும் மருந்துகளின் அளவுகளையும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.